மில்லுக்கம்பத்தில் நான் அடித்த மணி

1. துரை கேட்டது

"கிராணி, நீ மில்லுக்கம்பம் போ. அந்த ஊர் திரும்ப எழுந்திருக்குமா, எழுந்திருக்காதா, பாத்து எழுதிக் கொண்டா" என்றார் துரை. தோட்டத் தமிழ் அவருக்கு நன்றாகவே வரும். மரியாதை மட்டும் வராது.

மலாயாவில் புலாவ் செபாங் ரயிலடியிலிருந்து மாட்டு வண்டியில் ஒரு மணி நேரம் போனால் அந்த ஊர். ரப்பர் ஷீட் போடும் மில் ஒன்று, அதை நம்பி ஒரே ஒரு தெரு. ரப்பர் விலை விழுந்ததும் கம்பெனி மில்லைப் பூட்டிவிட்டது. பூட்டி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இப்போது விலை லேசாகத் தலை தூக்கவும், மில்லைத் திறப்பதா, மெஷினைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். என் அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவாம்.

தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியாக அதுவரை நான் எழுதியதெல்லாம் செக்ரோல்தான். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்ற பதிவு. ஓர் ஊர் பிழைக்குமா என்று எழுதச் சொன்னது அதுவே முதல் தடவை. பயத்தைவிட ஆவல்தான் அதிகம் இருந்தது. ஊருக்கு நாடி எங்கே இருக்கும், எங்கே கையை வைத்துப் பார்ப்பது என்று வண்டியில் போகும்போதே மண்டையைக் குடைந்துகொண்டேன்.

2. பதினோரு பேர்

நீள நோட்டு, காதில் பென்சில், வெள்ளைக் கோட்டு. அந்தக் கோலத்தில்தான் போய் இறங்கினேன்.

ஆற்றில் தண்ணீர் நன்றாக இருந்தது. பாதையில் லாரி தாராளமாக வரும். மில் கூரையில் இரண்டு இடத்தில்தான் ஒழுகல். எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். ஆட்கள்தான் இல்லை. தெருவில் பாதிக்கு மேல் கதவுகள் சாத்திக் கிடந்தன. எண்ணிப் பார்த்தால் பதினோரு பேர், அதிலும் பாதி நடக்க முடியாத கிழங்கள். இந்தக் கணக்கை எழுதினால் மில் இரும்புக் கடைக்குப் போவது நிச்சயம்.

ஆனால் ஏதோ இடித்தது. சாத்திய வீடுகளின் பின்னால் கொடியில் ஈரத் துணி தொங்கியது. அடுப்புச் சாம்பல் சூடாக இருந்தது. பதினோரு பேருக்கு இத்தனை சட்டையா?

மில்லைத் திறந்து பார்த்தபோது இன்னும் ஆச்சரியம். ஷீட் போடும் உருளைகளில் துரு இல்லை. தேங்காய் எண்ணெய் வாசனை அடித்தது. ஒவ்வோர் உருளைக்கும் சந்தனப் பொட்டு, காய்ந்த குங்குமம்.

மில்லுக்கு எதிரே அஞ்சலை என்ற அம்மாள் கோப்பிக்கடை வைத்திருந்தார். அவரிடம் கேட்டேன்.

"மெஷினுக்கு யாரு பொட்டு வச்சது?"

"ஆயுத பூசைக்கு வைக்கமாட்டாங்களா?"

"மில்லுதான் பூட்டிக் கெடக்குதே."

"வாசலைத்தானே பூட்டுனீங்க. பின்னால பலகை ரெண்டு ஆடும்."

"அப்போ ஆளுங்க இருக்காங்க. எங்க போனாங்க?"

அஞ்சலை என் நோட்டைப் பார்த்தார். "கப்பலுக்குப் பேரு எழுதத்தானே வந்திருக்கீங்க?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. வேலை இல்லாதவர்களைப் பட்டியல் போட்டு இந்தியாவுக்குக் கப்பலேற்றிய காலம் அது. போன வருஷம் இதே மாதிரி நோட்டோடு ஒருவர் வந்தார்; பல குடும்பங்கள் போய்விட்டன. என் வண்டியைக் கண்டதும் மிச்சம் இருந்தவர்கள் ரப்பர் மரங்களுக்குள் போய் ஒளிந்துவிட்டார்கள்.

"அங்க போயி யாருகிட்ட நிக்கிறது? புள்ளைங்க எல்லாம் இங்க பொறந்ததுங்க" என்றார் அஞ்சலை. நான் அந்த வேலைக்கு வரவில்லை என்று எவ்வளவோ சொன்னேன். கேட்டுக்கொண்டார். நம்பவில்லை.

3. தண்டவாளத் துண்டு

மில் வாசலில் தண்டவாளத் துண்டு ஒன்று தொங்கியது. அதுதான் மணி. காலையில் அதைத் தட்டினால் ஆட்கள் வரிசையில் வந்து நிற்பார்கள், பேர் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள். அதற்குப் பெரட்டு என்று பெயர். அதைப் பார்த்ததும் எனக்கு யோசனை உதித்தது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் விடியும்போது சுத்தியலை எடுத்தேன். அஞ்சலை கடையிலிருந்தே சொன்னார்: "வேல இல்லாம அத அடிக்காதீங்க ஐயா."

அடித்தேன்.

வந்தார்கள். மரங்களுக்குள்ளிருந்து, சாத்திய கதவுகளுக்குள்ளிருந்து வந்தார்கள். பெண்கள் தலையில் துணி கட்டி, இடுப்பில் சாக்கு சுற்றியிருந்தார்கள். எஞ்சின் டிரைவர் மாணிக்கம் ஸ்பானரோடு வந்தார். இரண்டு வருஷத்துக்கு முன் நின்ற அதே இடத்தில் அவரவர் போய் நின்றார்கள். கப்பலில் போனவர்களின் இடம் வரிசையில் காலியாகவே இருந்தது. ஒருவரும் நெருங்கி நின்று அதை நிரப்பவில்லை.

எல்லாரும் பேர் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தார்கள். என்னிடம் வேலை இல்லை, பென்சில்தான் இருந்தது.

"இன்னைக்கி வேல இல்ல. எத்தன பேருன்னு பாக்கத்தான்" என்றேன்.

மாணிக்கம் ஸ்பானரை இடுப்பில் செருகிக்கொண்டார். "எண்ணியாச்சா ஐயா? நாங்க போலாமா?" என்று கேட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வெட்கத்தில் கூனிப்போனேன். ஆனாலும் எண்ணினேன். அறுபத்து மூன்று பேர்.

4. திறந்த நாள்

தண்ணீர், பாதை, மெஷின், ஆட்கள் எல்லாம் தயார், ஊர் எழுந்திருக்கும் என்று எழுதினேன். துரை முதுகில் தட்டினார். சில மாதத்தில் மில்லைத் திறக்க உத்தரவு வந்தது. கிராணியாக என்னையே அனுப்பினார்கள்.

முதல் நாள் காலையில் மணி அடித்தேன். ஒருவரும் வரவில்லை. கை வலிக்கும்வரை அடித்தேன். எல்லா வீட்டிலும் அடுப்புப் புகை எழுந்தது, ஒரு கதவும் திறக்கவில்லை.

அஞ்சலை கிளாஸ் கழுவிக்கொண்டே சொன்னார்: "மணி அடிச்சா வேலைன்னு இருந்துச்சு. அத நீங்கதான் அன்னைக்கித் தீத்துட்டீங்க. நேரா போயி கூப்பிடுங்க."

நோட்டை அவர் கடையிலேயே வைத்துவிட்டு மாணிக்கம் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் நின்று என் கையைப் பார்த்தார்.

"வேலையா, இல்ல எண்ணுறதா?"

"வேலதான் அண்ணே" என்றேன். கிராணிகள் ஆட்களை அப்படிக் கூப்பிடும் வழக்கம் கிடையாது. வாயில் தானாக வந்துவிட்டது.

"சரி, நான் வரேன். மத்த வீட்டுக்கும் நீங்களே போயி சொல்லுங்க."

வீடு வீடாகப் போனேன். சிலர் இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்கள். உருளை சுற்ற ஆரம்பித்தபோது உச்சி வெயில் ஏறிவிட்டது.

ஆபீஸ் வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். ஓர் ஊர் பிழைக்குமா என்று உங்களை அனுப்பினால் தண்ணீரைப் பாருங்கள், பாதையைப் பாருங்கள், மெஷினைத் தொட்டுப் பாருங்கள். ஜனங்கள் எதை நம்பி வீட்டை விட்டு வெளியே வருகிறார்களோ, அதை மட்டும் சோதனைக்காகத் தொடாதீர்கள். அந்த ஊரில் நன்றாக இருந்த ஒன்றை நான் உடைத்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவன்.

அந்த மில்லில் ஏழு வருஷம் இருந்தேன். ஏழு வருஷமும் பெரட்டுக்கு மணி அடிக்கவில்லை. தினமும் காலையில் தெருவின் கடைசி வீடு வரைக்கும் நடந்து போய்க் கூப்பிட்டேன்.