செட்டி குத்துச்சண்டைக்காரனுக்கு நான் கொடுத்த குரல்

காஜா பேராங்கில் மாடி வீடு. செங் ஊரில் மரப்பட்டறை. புக்கிட் பாருவில் எத்தனையோ வீட்டுக் கூரைகள், தெங்கேராவில் கடல் காற்றுக்கு இன்றும் அசையாத இரண்டு கடைகள். எல்லாம் இந்தக் கை கட்டியது. தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். நீ எங்கே உருப்படப் போகிறாய் என்று வாத்தியாரே சொன்னார். இத்தனைக்கும் முன்பு, சிறையில் வார்டராக இருந்தபோது, முதன்முதலில் ஒரு குத்துச்சண்டை மேடை கட்டினேன். உடைந்த கட்டில் பலகை, உள்ளே தேங்காய் நார், படகுத்துறையில் கெஞ்சி வாங்கிய கயிறு. கைதிகளுக்குக் குத்தக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். நான் கற்றது தோட்டத்தில், அடி வாங்கி.

சுதந்திரம் கிடைத்த புதிதில் கோலாலம்பூரிலிருந்து எங்கள் சிறைக்குப் படம் எடுக்க வந்தார்கள். மூன்று இனமும் ஒரே மேடையில் வேண்டுமாம். மலாய்க்காரர் கிடைத்தார், சீனர் கிடைத்தார். இந்தியர் என்று கைதிகளில் என் முதல் மாணவனை நிறுத்தினேன். அவன் எங்கள் காஜா பேராங் செட்டி. வட்டிக்கடைச் செட்டியார் வேறு. இவர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இங்கு வந்தவர்கள். கும்பிடுவது மாரியம்மனை, பேசுவது மலாய்.

படக்காரர்களோடு வந்த கண்ணாடி போட்ட தமிழர் அவனிடம் தமிழில் ஏதோ கேட்டார். அவன் சிரித்துக்கொண்டே மலாயில் பதில் சொன்னான்.

“என்னண்ணே, இந்தியர்னு சொன்னீங்க, வாயத் தொறந்தா மலாய்தான் கொட்டுது?”

“நெத்தியில திருநீறு தெரியலையா? ஒங்களுது மாதிரி காலி நெத்தியா அது?”

“திருநீறு பேசாதுண்ணே. தமிழ்ல ஓடப்போற படம். தமிழ் பேசுற ஆளா நிறுத்துங்க.”

“இருக்கான் ஒருத்தன். மூக்குல ஈ ஒக்காந்தாலே விழுந்துருவான். அவன எடுத்துக்கிறீங்களா?”

தன்னை ஒதுக்குகிறார்கள் என்று செட்டிக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் வந்து மலாயில் மெதுவாகச் சொன்னான்: அம்மா ஒரு தடவை என் முகத்தைப் பார்க்கட்டும், ஐயா. நான் இங்கே அழுதுகொண்டு கிடக்கவில்லை என்று அவளுக்குத் தெரியட்டும்.

“அவன் குத்தட்டும். பேச்ச நான் பேசுறேன்” என்றேன்.

அப்படியே ஆயிற்று. கண்ணாடிக்காரர் எழுதியதை வாசித்துக் காட்ட, நான் திரும்பச் சொன்னேன்: “நான் திருந்திவிட்டேன். இனி என் நாட்டுக்காக உழைப்பேன்.”

சில மாதம் கழித்து எங்கள் திடலில் வேனை நிறுத்தி, துணி கட்டி அந்தப் படத்தைக் காட்டினார்கள். செட்டியின் அம்மா, மலாய்ப் பெண்கள் உடுத்தும் சாரோங் கெபாயாவும் நெற்றியில் திருநீறுமாக என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகன் முகம் வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்தார். குரல் வந்ததும் திடுக்கிட்டார்.

“இது என் மகன் குரல் இல்லையே. என்ன சொல்கிறான்?” என்று மலாயில் கேட்டார்.

குரல் என்னுடையது என்றேன். காகிதத்தில் இருந்ததைச் சொல்லவில்லை; அவன் என்னிடம் சொன்னதைச் சொன்னேன். படம் முடியும்வரை அவர் பிடியை விடவில்லை.

கடைசியில் பெயர்கள் ஓடின. விளக்குப் பிடித்தவன் பெயர்கூட இருந்தது. தமிழ்க் குரல் என்ற இடத்தில் கண்ணாடிக்காரர் பெயர். வேலை போய்விடும் என்று அன்று வாயை மூடிக்கொண்டேன்.

இப்போது அந்தப் படத்தைத் தேடி எடுத்து மண்டபத்தில் போடப்போகிறார்களாம், மூன்று இனமும் அன்றே ஒன்றாக நின்றதென்று. என் பெயரையும் போடச் சொல்லி அலைந்து அலைந்து கால் வீங்கிவிட்டது. “ஒங்க கொரல்தான்னு என்ன ஆதாரம், தாத்தா?” என்றான் அலுவலகத்தில் ஒருவன். அந்த இரண்டு வரியையும் அங்கேயே சொல்லிக் காட்டினேன். சிரித்துவிட்டு, “திங்கக்கெழம வாங்க” என்றான். செட்டியும் இல்லை, அவன் அம்மாவும் இல்லை. சாட்சிக்கு யாரைக் கூட்டிப் போவேன்?

திங்கட்கிழமை போவேன். மேடை கட்டியவர், பயிற்சி கொடுத்தவர், தமிழ்க் குரல்: மூன்று இடத்திலும் என் பெயர் வர வேண்டும். சின்ன எழுத்தில் போட்டு ஒப்பேற்றக் கூடாது. கண் மங்கியவனும் படிக்கிற மாதிரி போடுங்கள்.