திரும்பிப் பார்த்தால் பாட்டு முடியும்

சத்தக்காரர் வீடு எது என்று கேட்டால் அந்தத் தெருவில் யாராயிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்வார்கள். பகலில் லிஃப்ட் பழுதுபார்ப்பார், பொழுது சாய்ந்தால் ராக் வாசிப்பார். வீட்டுச் செலவுக்கு லிஃப்ட், வீட்டுக்காரியின் கோபத்துக்கு கிட்டார் என்று நாற்பத்தாறு வருடம் ஓட்டிவிட்டார். அதற்குள் பக்கத்து வீட்டில் ஐந்து குடும்பங்கள் வந்து, காதைப் பொத்திக்கொண்டு போய்விட்டன.

குழுவில் இப்போது மூன்றே பேர். டிரம்ஸ் அடிப்பவர் மனைவியின் தம்பி. பேஸ் கிட்டார் ஒரு பல் டாக்டர். நாளெல்லாம் அடுத்தவர் வாயைப் பார்ப்பதாலோ என்னவோ, தன் வாயை அவர் திறப்பதே இல்லை.

ஊரறிந்த பாட்டு என்று இவர்களுக்கு ஒன்றுதான் உண்டு. வேடிக்கை என்னவென்றால் அதற்கு முடிவே கிடையாது. எழுதத் தெரியவில்லை, அவ்வளவுதான். முதல் மேடையில் எப்படி நிறுத்துவதென்று தெரியாமல் சுற்றிச் சுற்றி வாசித்து, கடைசியில் சத்தக்காரர் கடுப்பாகித் திரும்பி மச்சினனை முறைத்தார். அவர் பயந்துபோய் நிறுத்தினார். கூட்டம் கைதட்டியது. அன்றிலிருந்து அதுவே சட்டம்: இவர் திரும்பினால் பாட்டு முடியும்.

போன மாதம் சத்தக்காரருக்குக் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள்.

"நாலு மாசம். மருந்து ஏத்தினா ஏழெட்டு மாசம் பார்க்கலாம்," என்றார் ஆஸ்பத்திரி டாக்டர்.

"அடுத்த மாசம் ஒரு ஷோ இருக்கே டாக்டர்."

"தாராளமா வாசிங்க."

மருந்து விரல் நுனிகளை மரத்துப்போகச் செய்யும் என்பதை டாக்டர் அழுத்திச் சொல்லவில்லை. இரண்டாவது முறை ஏற்றிய பிறகு சட்டைப் பித்தானைப் போட முடியவில்லை. நோய் என்றபோது கலங்காத மனிதர், அன்று குளியலறையில் உட்கார்ந்து அழுதார்.

"மருந்தை நிறுத்திடலாம்னு பார்க்கிறேன்," என்றார், துணி மடித்துக்கொண்டிருந்த மனைவியிடம்.

"உங்க விரல் யாருக்கு வேணும்? எனக்கு நீங்க வேணும்."

"விரல் இல்லாம நான் எங்கே இருக்கேன்?"

"இதோ, என் சோபாவுலதான். நாற்பத்தாறு வருஷமா இடத்தை அடைச்சுக்கிட்டு."

இருவரும் சிரித்தார்கள். அவள் சிரிப்பு பாதியில் அழுகையானது. அதற்கு மேல் அவர் வாதாடவில்லை, மருந்து தொடர்ந்தது. ஒன்றை மட்டும் சொன்னார்: "அந்தப் பாட்டைக் கடைசி வரைக்கும் நானே வாசிக்கணும். பாதியில கை நின்னுட்டா, அந்த அவமானத்தோட என்னால சாக முடியாது."

கம்பியைத் தொடுவதே தெரியாததால் கண்ணால் பார்த்துத்தான் வாசிக்க வேண்டியிருந்தது. குனிந்து விரலைப் பார்த்து வாசிக்கும் சின்னப் பையன்களை எத்தனை தடவை "என்னப்பா, செருப்பைத் தேடுறியா?" என்று வம்புக்கு இழுத்திருக்கிறார்! இப்போது கார் ஷெட்டில் மூன்று வாரம் அவரே செருப்பைத் தேடினார். ஆறு நிமிடப் பாட்டில் நான்காவது நிமிடத்தைத் தாண்டுவதற்குள் ஒவ்வொரு நாளும் கை பின்னிக்கொண்டது.

ஷோ அன்று பழைய தியேட்டர் நிறைந்து வழிந்தது. முக்கால்வாசி வழுக்கைத் தலைகள். மேடை ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, மாத்திரைப் பையும் வெந்நீர் பிளாஸ்க்குமாக மனைவி உட்கார்ந்திருந்தாள். கடைசியாக அந்தப் பாட்டு வந்தது.

சத்தக்காரர் குனிந்தவர் நிமிரவில்லை. இந்த விரல் இங்கே, அந்த விரல் அங்கே என்று ஒவ்வொன்றையும் கண்ணால் கொண்டுபோய் வைத்தார். நான்காவது நிமிடம் கடந்தது. ஆறும் கடந்தது. விரலைப் பார்க்கிற மும்முரத்தில் திரும்ப மறந்தே போனார். திரும்பாமல் எப்படி நிறுத்துவது? மச்சினன் அடித்துக்கொண்டே இருந்தார். போன வருடம்தான் முட்டியில் அறுவை செய்துகொண்டவர்.

ஒன்பதாவது நிமிடத்தில் பின்னாலிருந்து அலறல் கேட்டது: "மச்சான்! திரும்பித் தொலைங்க!"

அட, மறந்துவிட்டோமே என்று சிரிப்பு வந்தது. கூடவே ஒன்று உறைத்தது. கை பின்னவே இல்லை, ஜெயித்தாகிவிட்டது. ஆனால் இப்போது திரும்பினால் இனி இன்னொரு தடவை திரும்ப வாய்க்காது. அவருக்கு மனசு வரவில்லை. கேட்காதது போல வாசித்தார்.

பதின்மூன்றாவது நிமிடத்தில் பல் டாக்டர் அருகே வந்து வாயைத் திறந்தார். "அவன் உனக்கு முன்னாடி போயிடுவான்பா."

மனைவியும் எழுந்து நின்று தம்பியைக் காட்டிக் கையாலேயே திட்டினாள். சரி, போதும் என்று சத்தக்காரர் திரும்பினார்.

மச்சினனுக்கு முகம் சிவந்து, சட்டை நனைந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இவர் திரும்பியதை அவர் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். நாற்பத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூடத் தப்பாத மனிதர், தலையைக் குனிந்துகொண்டு, கண்ணீர் மூக்கோரமாக ஒழுக, அடித்துக்கொண்டே இருந்தார்.

"டேய், உன் முட்டி!"

"முட்டி கிடக்குது, நீங்க வாசிங்க மச்சான்!"

சத்தக்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கையில் எடுத்த மாத்திரையைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பி, குனிந்து, விரல்களைப் பார்த்து வாசிக்க ஆரம்பித்தார்.