செருப்பில்லாத நாற்பது வாசல்கள்

அவர்கள் கிளம்பியது ஒரு வியாழக்கிழமை. வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கு எடுக்கிற ரீடிங் அக்காவுக்கு அன்றைக்கும் இரண்டு தெரு பாக்கி இருந்தது. விமானம் மாலையில்தானே என்று காலையில் போய் எடுத்து முடித்தாள். தன் இடத்துக்கு வரப்போகிற பெண்ணையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள்.

"மீட்டரைப் பாக்கறதுக்கு முன்னாடி வாசல்ல செருப்பைப் பாரு. நாலு ஜோடி கிடந்தா ஆள் இருக்கு, தைரியமா பெல் அடி. பளபளன்னு புதுச் செருப்பா நெறைய கிடந்தா பொண்ணு பாக்க வந்திருக்காங்க, அப்புறம் போ. ஒத்தச் செருப்பு மட்டும் கிடந்தா உள்ள நாய் இருக்கு."

"ஒத்தச் செருப்புக்கும் நாய்க்கும் என்னக்கா சம்பந்தம்?"

"இன்னொண்ணு அது வாயில இருக்கும்டி."

பதினோரு வருடம் அந்தத் தெருக்களில் நடந்தவள். பெல் அடிப்பதற்குள் உள்ளே எத்தனை பேர், யாருக்குக் கால் வலி, எந்த வீட்டு மகன் ஊரிலிருந்து வந்திருக்கிறான் என்று சொல்லிவிடுவாள். அவளுக்குக் கணவர் வைத்த பெயர் 'விசாரணைக் கமிஷன்'.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். முன்பு ஒரு முறை தனியாக வெளிநாடு போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்தார். விமான நிலையத்தில் மகளைத் தூக்கப் போனபோது மூன்று வயதுக் குழந்தை அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டு, "அங்கிள் யாரும்மா?" என்றது. மனிதர் இடிந்துபோய்விட்டார். இனிமேல் போனால் மூன்று பேரும், இல்லாவிட்டால் யாருமே இல்லை என்று அன்றைக்கே முடிவாயிற்று. இப்போது மறுபடியும் ஒரு வருட வெளிநாட்டு வேலை வந்தது. ஆனால் வேலைக்குப் போகிறவளின் காலைக் கட்டி இழுத்துக்கொண்டு போக முடியுமா? அக்கா மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தாள். அவளுக்கும் மகளுக்கும் திரும்பி வரும் டிக்கெட்டும் போட்டாயிற்று.

"பிடிக்கலன்னா சொல்லிடு," என்றார் அவர். "நீங்க ரெண்டு பேரும் திரும்பிடுங்க. நான் ஒரு வருஷத்தை எப்படியாவது ஓட்டிடுவேன்."

"ஒரு வருஷத்துல மறுபடியும் அங்கிள் ஆயிடுவீங்க," என்றாள் அக்கா. அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் புது வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். ஐந்து மாடி, மாடிக்கு எட்டு வீடு. இவர்களுடையது நான்காவது மாடி. சாம்பல் நிறக் கதவு, சாம்பல் நிறச் சுவர், துடைத்துவிட்ட மாதிரி நடைபாதை. மூட்டை முடிச்சுகளை உள்ளே தள்ளிவிட்டு, காலில் இருந்ததை வாசலில் கழற்றி வரிசையாக விட்டார்கள். கணவரின் கறுப்பு ஷூ, மகளின் ரோஸ் ஷூ, அக்காவின் பழுப்புத் தோல் செருப்பு. செருப்பின் வார் ஒரு முறை அறுந்தபோது தைத்துக் கொடுத்தவர் பழுப்பு நூல் இல்லாமல் நீல நூலில் தைத்திருந்தார். கண்டம் தாண்டி வந்த களைப்பில் மூவரும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினார்கள்.

காலையில் கதவைத் திறந்தால் வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. மூன்று ஜோடியும் மாயம்!

"வந்த அன்னிக்கேவா!" என்று அக்கா வாயைப் பிளந்தாள். வேலைக்கான ஷூ திங்கள்கிழமைதான் கம்பெனியில் கிடைக்கும். பெட்டியில் இருந்தது அக்காவின் பாத்ரூம் செருப்பு ஒரு ஜோடிதான். அதிலும் ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்டிக் சூரியகாந்தி. அதை மாட்டிக்கொண்டு லிஃப்ட் மெக்கானிக் கடைக்குப் போனார். குதிகால் இரண்டு அங்குலம் வெளியே தொங்கியது. மகள் ஜன்னலில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

அதற்குப் பிறகு செருப்புகளைக் கதவுக்கு உள்ளேயே வைத்தார்கள். அவர் வேலைக்கும் மகள் பள்ளிக்கும் போனதும் அக்காவுக்குப் பொழுது நகரவில்லை. மாடி மாடியாக நடந்து பார்த்தாள். நாற்பது வாசல், ஒன்றில்கூட ஒரு செருப்பு இல்லை. யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், எதுவும் தெரியவில்லை. எல்லா வீடும் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நின்றது. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி இருந்தது அவளுக்கு. மூன்றாம் வாரமே டிக்கெட்டை எடுத்துத் தேதியைப் பார்த்துவிட்டு வைத்தாள். கணவர் அதைக் கவனித்தார்.

இதற்கு நடுவே ஒரு வேடிக்கை. அவர்கள் வாசலில் பொருள்கள் முளைத்தன. ஒரு நாள் மேசை விளக்கு. இன்னொரு நாள் குட்டை நாற்காலி.

"குப்பையைக் கொண்டாந்து நம்ம வாசல்ல போடறாங்களா?"

"விளக்கு எரியுதும்மா," என்றார் கணவர், பிளக்கில் சொருகிப் பார்த்துவிட்டு. "எரியற விளக்கை யாரு குப்பைல போடுவா?"

கமிஷன் விழித்துக்கொண்டது. செருப்பை எடுத்துப் போகிறவர்கள், விளக்கைக் கொண்டுவந்து வைக்கிறவர்கள். என்ன ஜனங்கள் இவர்கள்? வாசலில் துப்பு இல்லாவிட்டால் போகட்டும், கால்களில் இருக்குமே! அன்றிலிருந்து படிக்கட்டில் எதிர்ப்படுகிறவர்களின் முகத்தைப் பார்க்காமல் காலையே பார்த்தாள்.

முதலில் அகப்பட்டது கட்டடத்துக் காவல்காரர். கணவரின் கறுப்பு ஷூ அவர் காலில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. விஷயத்தைச் சொன்னதும் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு மாசமா தினமும் என் ஷூவுக்கு நானே குட்மார்னிங் சொல்லிட்டிருக்கேன்!" ஆனாலும் கேட்கக் கூச்சம். விட்டுவிட்டார்.

அக்கா விடவில்லை. ஒரு சனிக்கிழமை, தரைத்தளத்தில் எல்லோருக்கும் பொதுவான துணி துவைக்கும் அறையில், இயந்திரம் நிற்பதற்காகக் காத்திருந்தாள் ஒரு பெண். இரண்டாவது மாடியில் இருக்கிற பஸ் டிரைவர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். கால் மேல் கால் போட்டிருந்தாள். ஆடிக்கொண்டிருந்த காலில் பழுப்புச் செருப்பு. வாரில் நீல நூல்.

அக்கா விறுவிறுவென்று மேலே ஓடி மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். பள்ளியில் ஐந்து வாரமாகக் கற்ற மொழி மகளிடம் கொஞ்சம் இருந்தது.

"என் செருப்பு எப்படி உங்க கால்ல வந்துச்சுன்னு கேளு."

"திருட்டுன்னு சொல்லட்டுமாம்மா?"

"சனியனே, மரியாதையா கேளு!"

மகள் கேட்டாள். டிரைவர் திகைத்து, பிறகு நீளமாக ஏதோ சொன்னாள். மகள் கண்கள் விரிந்தன.

"அம்மா, இங்க ஒரு பொருளை வாசலுக்கு வெளிய வச்சா வேண்டாம்னு அர்த்தமாம். யாரு வேணா எடுத்துக்கலாமாம். வந்த அன்னிக்கே நாம எல்லாருக்கும் செருப்பு குடுத்தோம்னு பேசிக்கிட்டாங்களாம். அதான் இவங்க விளக்கு வச்சாங்களாம், பதிலுக்கு. காவல்காரர் நாற்காலி வச்சாராம்."

அக்கா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. டிரைவர் முகம் சிவந்து செருப்பைக் கழற்றி நீட்டினாள். ஈரச் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு நின்றாள். அக்கா செருப்பைக் குனிந்து அவள் கால் பக்கமே தள்ளி வைத்தாள்.

"போட்டுக்கச் சொல்லு. விளக்கு நல்லா எரியுதுன்னு சொல்லு."

"ஏன் வெளியே விட்டீங்கன்னு கேக்கறாங்கம்மா."

கேட்டது தப்பாகப் போயிற்று. அக்கா ஆரம்பித்தாள்: மீட்டர், தெரு, நாலு ஜோடி, பெண் பார்ப்பது, நாய் வரைக்கும். மகள் தெரிந்த மொழியில் பாதியும் கையால் நடித்துப் பாதியுமாகச் சொன்னாள். நாய் வந்த இடத்தில் டிரைவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து இயந்திரக்காரரும் திரும்பிப் பார்த்தார். அவரும் உட்கார்ந்து கதை கேட்டார்.

மறுநாள் அக்கா படியிறங்கும்போது இரண்டாவது மாடியில் நின்றுவிட்டாள். ஒரு வாசலில் பஸ் டிரைவரின் கனத்த பூட்ஸ். பக்கத்தில் ஒரு சீட்டு. மகளிடம் காட்டியபோது படித்தாள்: "இது யாருக்கும் இல்லை. நான் வீட்டில் இருக்கிறேன் என்று அர்த்தம்."

அக்கா பெல் அடித்தாள்.

அப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. பூட்ஸ் வெளியே இருக்கும் நேரமெல்லாம் அங்கேதான். டிரைவர் அவளுக்கு மொழி சொல்லிக் கொடுத்தாள். அக்கா அவளுக்கு யார் வீட்டில் என்ன என்று சொன்னாள். பத்து வருடமாக இருக்கிறவளுக்கு வந்து பத்து வாரமாகாதவள் சொன்னாள்! துணி துவைக்கும் அறையில் கதை கேட்டவர் வாசலில் ஒரு நாள் ஷூ. அப்புறம் முதல் மாடியில் இரண்டு ஜோடி. எண்பதாம் நாள் அக்கா எண்ணிப் பார்த்தாள். ஒன்பது வாசல்.

அன்று வேலை முடிந்து வந்த கணவர் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டார். சுவரை ஒட்டி ஒரு மூன்று தட்டு மர ஸ்டாண்டு. அக்கா குனிந்து திருகாணியை முடுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?"

"பாத்தா தெரியல? செருப்பு ஸ்டாண்டு. மூட்டை கட்டற ஆளு ஸ்டாண்டு வாங்குவாளா?"

அவர் ஷூவைக் கழற்றி நடுத்தட்டில் வைத்தார். ஸ்டாண்டு ஒரு பக்கம் சாய்ந்தது. "நகரு," என்று ஸ்குரூ டிரைவரை வாங்கிக்கொண்டார்.

ஒரு வருட வேலை நீண்டுகொண்டே போய் ஆறு வருடம் ஆயிற்று. பஸ் டிரைவர் ஓய்வு பெற்று, மகனோடு இருப்பதற்காக வேறொரு நாட்டுக்குக் குடிபோனாள். அவள் போன ஐந்தாம் நாள் அக்காவின் போனுக்கு ஒரு படம் வந்தது. அறியாத ஒரு கட்டடம். வெள்ளைக் கதவு, வெள்ளைச் சுவர். வாசலில் ஒரு ஜோடி பழுப்புச் செருப்பு, வாரில் நீல நூல். கீழே இருந்ததைப் படிக்க அக்காவுக்கு இப்போது மகள் தேவைப்படவில்லை.

"நாலு நாளாக வெளியே வைத்திருக்கிறேன். இன்னும் யாரும் எடுத்துப் போகவில்லை. இங்கே ஆட்கள் இருக்கிறார்களா இல்லையா, நீயே பார்த்துச் சொல்."