வழியனுப்பப் போனவன்

இன்று தங்கையை வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போனேன். பயணிகளுக்கு உதவும் தன்னார்வப் பெண் ஒருத்தி, "மெதுவா ஏறுங்க ஐயா" என்று என் கையைப் பிடித்தாள்.

"எங்கண்ணன விட்டுடும்மா! ஊருக்குப் போறது நான்தான்!" என்று தங்கை அலறினாள்.

அலறாமல் என்ன செய்வாள்?

எண்பதுகளில் ஒரு தீபத்தன்று, இதே திருவண்ணாமலை ஸ்டேஷன். மறுநாள் அவளுக்கு விழுப்புரத்தில் இன்டர்வியூ. ஏற்றிவிட வந்த என்னை, பேட்ஜ் குத்திய தொண்டர்கள் இரண்டு பேர், "கூட்டம் ஜாஸ்தி, ஏறுங்க சார்" என்று தூக்கி உள்ளே தள்ளிவிட்டார்கள். வண்டி கிளம்பிவிட்டது. அவள் பிளாட்பாரத்தில்.

அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்வண்டி பிடித்துத் திரும்பினேன். தங்கை அதே இடத்தில் முறைத்துக்கொண்டு நின்றாள். அவளிடம் போவதற்குள் அதே இரண்டு பேர் தண்ணீரோடு ஓடி வந்தார்கள்.

"வாங்க சார், தீபம் பாக்கவா?"

அவள் பஸ்ஸில் போய் வேலையை வாங்கிவிட்டாள். உங்களுக்கும் இப்படி உதவி நடந்திருக்கிறதா?