ஆள் ஏறாத டாங்கி

பிளாஸ்டிக் டாங்கி ஒட்டுகிற வேலைக்குப் பசையை விட முக்கியம் வாயை மூடிக்கொண்டிருப்பது. கொஞ்சம் பலமாக மூச்சு விட்டாலே கடுகளவு துண்டு பறந்துபோய்விடும்.

எனக்கு அது கஷ்டமில்லை, பிறந்ததிலிருந்தே அதிகம் வாய் திறக்காதவள் என்றுதான் பேர். உலக யுத்தக் காலத்தில் ஜெர்மன்காரர் ஒன்றிரண்டு செய்து பார்த்துவிட்டு, சண்டைக்கு அனுப்பாமலே விட்ட டாங்கிகள் இருக்கிறதாம். அதுகளின் சின்ன உருவம் பெட்டிக்குள் துண்டு துண்டாக வரும். வெளிநாட்டில் அதைச் சேர்க்கிறவர்களிடம் டவுனிலிருக்கிற டொரின் அக்கா ஓடர் எடுப்பா. ஆரையம்பதியில் என் வீட்டு யன்னலடியில் இருந்து நான் ஒட்டி, நிறம் அடித்துக் கொடுப்பேன். விளக்கத் தாளில் இங்கிலிசு இருந்தாலும் பயமில்லை, இலக்கமும் அம்புக்குறியும் விளங்கினால் போதும். மகள் நேர்சரிக்குப் போனால் மத்தியானம் வரைக்கும் என்னோடு பேச ஒருவரும் இல்லை. வீட்டில் தனியே இருந்து வேலை செய்கிற உங்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

எத்தனை லீற்றர்?

பக்கத்து வளவு அக்கா ஒருநாள், "என்ன வேல செய்றாய்?" என்று கேட்டா. "டாங்கி செய்றன்" என்றேன். அதற்கு மேல் விளக்க எனக்கு வெட்கம். அடுத்த கிழமை வந்து, தன்னுடைய குளியலறைக்கு மேலே வைக்க ஆயிரம் லீற்றரில் ஒரு தண்ணீர் டாங்கி வேண்டும், கறுப்பு நிறம் என்றா. நான் "ம்" என்றேன். மூன்றாம் முறையும் வந்து கேட்டபோது வேறு வழியில்லாமல், முடித்து வைத்திருந்த டாங்கியைத் தூக்கி அவவின் உள்ளங்கையில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தா.

"என்னகா இது, ஒரு சுண்டு தண்ணியும் கொள்ளாதே!"

வெள்ளிக்கிழமை

என்னுடைய மச்சான், அதுதான் என் புருஷன், கட்டாரில் மண் தள்ளுகிற டோசர் ஓட்டுகிறார். வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அன்றைக்குத்தான் போன் எடுப்பார். "சாப்பிட்டயா?" "ஓம்." "புள்ள?" "விளையாடுறாள்." "வேறென்ன?" அந்த 'வேறென்ன' வந்தால் போனை வைக்கப் போகிறார் என்று அர்த்தம். புருஷன் வெளிநாட்டில் உள்ள சகோதரிகளுக்கு அந்தச் சொல் நன்றாகத் தெரிந்திருக்கும்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, கம்பனி இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது, என்ன சொல்கிறாய் என்றார். வேண்டாம், வாங்க என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "உங்கட விருப்பம்" என்று வந்தது.

"சரி புள்ள, வேறென்ன?"

சேறு

ஓடிய டாங்கி போலக் காட்டுவதற்குத் தூசியும் துருவும் பூசுவது இந்த வேலையில் ஒரு பகுதி. உன்னிச்சை ஊரில் எங்கட வயல் வட்டைக்குள் உழவு மெசின் இறங்கி ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். வயல் சேறு எங்கே அப்பும், எங்கே காய்ந்து வெடிக்கும் என்று எனக்கா தெரியாது? ஒரு பெரிய டாங்கி வந்தது. யானை போல இருந்த அதற்கு ஜெர்மன்காரர் வைத்த பேர் எலி. அதற்கு மூன்று நாள் இருந்து, வயிறு வரைக்கும் சேறு பூசி, படம் எடுத்து அனுப்பினேன். படத்தைப் பார்த்த வெளிநாட்டுக்காரர், கழுவச் சொல்லிவிட்டாராம். டொரின் அக்கா போனில் விழுந்து விழுந்து சிரித்தா.

"அது சண்டைக்கே போகல்ல மனே, சேறு எங்கயிருந்து வரும்? உன்னப் போல வீட்டோட நிண்டது!"

அன்றைக்குக் கழுவும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சங்கிலி

அடுத்த டாங்கிக்கு ஒரு பக்கச் சக்கரச் சங்கிலியைக் கண்ணி கண்ணியாகக் கோர்த்து மாட்டிவிட்டு, டொரின் அக்காவுக்குப் படம் அனுப்பினேன். கை தவறி மச்சானுக்குப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை இல்லை, செவ்வாய்க்கிழமை. ஆனாலும் உடனே போன் வந்தது. "ஆரு இந்தச் சங்கிலியப் பூட்டின? தலகீழாக் கிடக்கு!"

பசைப் போத்தலில் போனைச் சாய்த்து வைத்து, அவர் சொல்லச் சொல்லக் கழற்றித் திருப்பிக் கோர்த்தேன். ஒருமுறை மணலுக்குள் டோசரின் சங்கிலி கழன்று, ஆள் வரும் வரைக்கும் தனியே குந்தியிருந்து தனக்குத்தானே கதைத்ததாகச் சொன்னார். இத்தனை வருஷத்தில் அதை எனக்குச் சொன்னதில்லை. பிறகு, "உள்ளுக்க ஓட்டுற ஆள வைக்கல்லயா?" என்று கேட்டார்.

"ஓடாத டாங்கி மச்சான், பெட்டிக்குள்ள ஆள் பொம்மை வாறல்ல" என்றேன். கண்ணியைப் பார்த்தபடியே மற்றதையும் சொல்லிவிட்டேன். "ஆளில்லாம நல்லா இல்ல. கையெழுத்து வைக்காதீங்க."

வேறென்ன என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன்.

"மத்தப் பக்கச் சங்கிலியப் பூட்டாத. நான் வந்து பாக்கிறன்."

எப்போது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு பக்கச் சங்கிலி மட்டும் உள்ள வண்டி நேரே போகாது, நின்ற இடத்திலேயே சுற்றும் என்பார் மச்சான். மற்றச் சங்கிலியை மாட்டாமல், டொரின் அக்காவுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சாட்டுச் சொல்லி நானும் இப்போது அப்படித்தான் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.