ரோலர்காரருக்கு வந்த பதவி

ஆஸ்பத்திரி, ஓட்டல் துணிகளை மொத்தமாக வெளுத்துக் கொடுக்கும் கம்பெனி அது. அங்கே இருபத்திரண்டு வருஷமாக ரோலரில் நின்றவர் அவர். ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால், சூடான உருளைகள் உள்ளே இழுத்து அந்தப் பக்கம் மொடமொடவென்று துப்பும். முழங்கை வரை சூட்டுத் தழும்பு. பேச்சு பெரிதாகக் கிடையாது. "ம்" என்றால் சம்மதம், "ம்ஹும்" என்றால் இல்லை. கல்யாணத்துக்கே "ம்" என்றுதான் சொன்னார் என்று பெண்டாட்டி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள்.

அப்படிப்பட்ட மனிதரே சங்கம் வைக்கக் கையெழுத்து வாங்கக் கிளம்பினார் என்றால் அதற்குக் காரணம், அந்தப் பக்கம் வந்து விழும் விரிப்புகளை மடிக்கும் மடிப்பக்கா. உருளைக்கு முன்னால் கையைத் தடுக்கும் கம்பி ஒன்று உண்டு. வேலை மெதுவாகிறது என்று முதலாளி அதைக் கழற்ற வைத்தார். பத்தாம் நாள், ஆள் பற்றாமல் இந்தப் பக்கம் வந்து நின்ற மடிப்பக்காவின் மூன்று விரல்கள் விரிப்போடு உள்ளே போய்விட்டன. நிறுத்தும் பொத்தானை அமுக்கியவர் ரோலர்காரர்தான். அந்த அலறல் அவர் காதைவிட்டுப் போகவில்லை.

அந்த வாரமே, கொதிகலன் பார்க்கும் மச்சினனை முதல் ஆளாகப் பிடித்தார். அடுத்த பதினைந்து நாளில் முப்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள்.

திங்கட்கிழமை முதலாளி கூப்பிட்டு அனுப்பினார். வேலை போச்சு என்று முடிவுகட்டி, சாப்பாட்டு டப்பாவையும் தூக்கிக்கொண்டே போனார் ரோலர்காரர். முதலாளியோ நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க. இத்தனை வருஷம் உங்களை நிக்க வெச்சது என் தப்பு. இன்னையிலேர்ந்து நீங்க சூப்பர்வைசர்."

ரோலர்காரர் "ம்" சொன்னாரா இல்லையா என்று அவருக்கே நினைவில்லை. சூப்பர்வைசரின் வெள்ளைச் சட்டை மட்டும் உடம்பில் ஏறிவிட்டது.

சாப்பாட்டு அறைக்குள் நுழைந்ததும் பேச்சு நறுக்கென்று நின்றது. மச்சினன் தட்டோடு எழுந்தான்.

"என்ன மாப்ள?"

"வாங்க சார். எங்ககூட உக்காந்தா சட்டை அழுக்காயிடும்."

"டேய், நான் கேட்டு வாங்கலடா."

"கேக்காமயே குடுத்தானே, அதை யோசிச்சியா மாமா? சூப்பர்வைசர் சங்கத்துல சேரக் கூடாது. கையெழுத்து வாங்கின ஆளே அந்தப் பக்கம் போயிட்டா, மத்தவன் நாளைக்கே பேரை அடிக்கச் சொல்லுவான்."

ரோலர்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. நாற்காலி போட்டு உட்கார வைத்தே ஒருவனை வெளியே தள்ளலாம் என்று யார் கண்டது?

மறுநாள் முதலாளி ஒரு கடிதத்தை நீட்டினார். "மடிப்பக்கா இன்னைக்கு வருது. கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க."

மத்தியானம், கையில் கட்டோடு மடிப்பக்கா சாப்பாட்டு அறைப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ரோலர்காரர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள்.

"எனக்கா? சத்தமாப் படி தம்பி. எல்லாரும் கேக்கட்டும்."

எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தார். கவனக்குறைவால் இயந்திரத்துக்குச் சேதம் உண்டாக்கியதால் வேலைநீக்கம். விரல் போனவள் ரோலருக்குச் சேதம் செய்துவிட்டாளாம்! ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. அவர் பாதியில் நிறுத்தினார்.

"அடியில ஏதோ இருக்கே?"

"என் பேரு, அக்கா. சூப்பர்வைசர்னு போட்டு."

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"ம்ஹும்."

மச்சினன் அவரையே பார்த்தான்.

ரோலர்காரர் முதலாளியின் அறைக்கு மாடியேறினார். கடிதத்தை மேசைமேல் வைத்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி அதன்மேல் போட்டு, பனியனோடு நின்றார்.

"ரோலர்ல வேற ஆள் போட்டாச்சு," என்றார் முதலாளி, நிதானமாக. "திரும்பிப் போக உமக்கு இடமில்ல. ஒண்ணு கையெழுத்து, இல்ல வாசல்."

கீழே சாப்பாடு முடிந்த மணி அடித்தது. கூடவே எழ வேண்டிய உருளைச் சத்தம் எழவில்லை. எங்கேயோ குழாய் சொட்டுவது மாடிவரை கேட்டது. முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை.

"ஏன் ஓட்டல? என்னய்யா நடக்குது கீழ?"

ரோலர்காரருக்கும் நிஜமாகவே தெரியாது.

"எனக்கெப்படித் தெரியும் முதலாளி? சூப்பர்வைசர் ஆனதிலேர்ந்து என்கிட்ட யாரு பேசறா?"