ஓர் இரவுக்கு வாடகை, ஒரு தேக்சா நெய்ச்சோறு

போன தை மாதம் நடந்தது இது. ரங்கூனில், போட்டாதாங் படகுத்துறைக்குப் பக்கத்துத் தெருவில் எங்களுக்குச் சின்னதாக ஒரு சாப்பாட்டுக் கடை. மகனுக்குப் பெகுவுக்கு அப்பால் ஓர் ஊரில் பெண் பார்த்திருந்தோம். பெண்ணுக்குத் தாய் இல்லை, அப்பா மட்டும்தான். அவருக்குப் பையனைப் பிடித்துவிட்டது. இடித்தது ஒன்றே ஒன்று. என் வீட்டுக்காரர் எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர் என்று யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். யார் போட்டது என்று நான் தேடவே இல்லை. எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள்.

அந்தப் பெயரைத் துடைக்க இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "நிச்சயத்துக்கு வர்ற நூறு பேருக்கும் சாப்பாடு எங்க பொறுப்பு" என்று பெண்ணின் அப்பாவுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டார். நெய்ச்சோறும் உருளைக்கிழங்கு குருமாவும். கை நம்முடையது, பாத்திரம் நம்முடையது, வண்டி நம்முடையது, தாராளமானவர் என்ற பெயர் மட்டும் புதிதாக வரும் என்று அவருக்குக் கணக்கு. இந்தச் சாப்பாடு சொதப்பினால் சம்பந்தம் போய்விடும் என்று எனக்குப் பயம்.

முகூர்த்தம் காலை பத்துக்கு. இருட்டிய பிறகு அந்தச் சாலையில் போவது இப்போதெல்லாம் சரிப்படாது. அதனால் மதிய வியாபாரம் முடிந்ததும் கிளம்பி, வழியில் எங்காவது படுத்து, விடியற்காலையில் அங்கேயே சமைத்து, சூட்டோடு கொண்டுபோவது என்று திட்டம். பெண் வீடு ஒரு சந்துக்குள் இருக்கிறது, பெரிய அடுப்பு வைக்க அங்கே இடமில்லை. விடுதியில் தங்கலாமே என்றேன். அவ்வளவுதான், போனை எடுத்துக் காட்ட ஆரம்பித்துவிட்டார். வெளிநாட்டில் வண்டிக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறவர்களின் வீடியோக்களை அவர் ராப்பகலாகப் பார்ப்பார். அதற்காகவே எங்கள் வேனின் பின் சீட்டுகளைக் கழற்றிப் பலகை அடித்து, மேலே மெத்தையும் போட்டிருந்தார். "சின்ன ஊர்ல எங்க நிறுத்தினாலும் யாரும் கேட்க மாட்டாங்க" என்றார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த ஊரில் எல்லோரும் கேட்டார்கள். பெட்ரோல் கடைக்காரர், ராத்திரி விருந்தாளி என்றால் வார்டு ஆபீசில் பெயர் பதிய வேண்டும், அந்த வம்பு நமக்கு வேண்டாம் என்று கைகூப்பி அனுப்பினார். பள்ளிக்கூட மைதானத்தில் நிறுத்தியதும் பந்து விளையாடிக்கொண்டிருந்தவர்கள் எங்கள் வேனைக் கோல் கம்பமாக எடுத்துக்கொண்டார்கள். டீக்கடைக்கார அம்மா மட்டும் நல்ல மனசோடு இடம் கொடுத்தார். ஆனால் அங்கிருந்த ஏழெட்டு நாய்களுக்கு அவருடைய மனசு இல்லை. வண்டி ஓட்டிக்கொண்டிருந்த என் மகன், "அப்பா, விடுதிக்கே போயிடலாம்பா" என்றான். அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

கடைசியில் ஊர்க்கோடியில், புத்த பிக்குகள் இருக்கும் ஒரு பொங்ஜி மடம் தென்பட்டது. மடத்துக் காரியங்களைப் பார்க்கிற கப்பியா, ஒல்லியான ஒரு மனிதர், எங்களைப் பார்த்ததும் கதவை அகலத் திறந்தார். பெரிய பிக்கு ஸயாதோவிடம் கேட்டுவந்து, புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னார். வார்டு ஆபீசுக்கும் அவரே ஆள் அனுப்பினார். வேனுக்குள் இருந்த அண்டா அளவுத் தேக்சாவை எட்டிப் பார்த்துவிட்டு, பர்மியில் இவரை மாமா முறை வைத்துக் கேட்டார்.

"நாளைக்குச் சமையலா, ஊலே?"

"ஆமா, விடியக்காலம் ஆரம்பிச்சிடுவோம்."

"எத்தனை பேருக்கு?"

"நூறு பேருக்கு. நெய்ச்சோறு."

கப்பியா முகம் மலர்ந்து, கைகூப்பி, "தாது, தாது, தாது" என்றார். நல்ல காரியத்தைக் கண்டால் இங்கே அப்படித்தான் வாழ்த்துவார்கள். நிச்சயதார்த்தத்துக்கு முதல் ஆசீர்வாதம் என்று இவர் பூரித்துப்போனார். நிச்சயதார்த்தம் என்று தான் சொல்லவே இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை. சத்தியமாக எனக்கும் உறைக்கவில்லை.

விடியற்காலையில் அடுப்பை மூட்டினோம். பட்டை, கிராம்பு வாசனையும் நெய் வாசனையும் மதில் தாண்டிப் போயிருக்க வேண்டும். வெளிச்சம் வந்தபோது சிலர் துடைப்பத்தோடு வந்து எங்கள் வேனைச் சுற்றிப் பெருக்கினார்கள். வேறு சிலர் வட்ட மேசைகளைத் தூக்கிவந்து வரிசையாகப் போட்டார்கள். "இன்னைக்கு மடத்துல ஏதோ விசேஷம் போல" என்றார் இவர். நான் குருமாவுக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன். மேசைக்கு மேசை தட்டு வைக்கிறார்கள், ஆனால் எங்கேயும் வேறு அடுப்பு எரியக் காணோமே என்று பார்த்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. மடத்து முற்றத்தில் ஒருவன் நூறு பேருக்கு நெய்ச்சோறு ஆக்கினால் அது அன்னதானம்தான். இந்த நாட்டில் பிறந்த குழந்தைக்குக்கூட அது தெரியும். ஐம்பது வருஷம் இங்கேயே வாழ்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் அன்று மறந்துவிட்டது.

நான் சொல்லி முடிப்பதற்குள் ஒலிபெருக்கி கரகரத்தது. ரங்கூனிலிருந்து வந்திருக்கும் கொடையாளிகள் சோறு வழங்குகிறார்கள், ஊரார் எல்லோரும் வரவேண்டும் என்று கப்பியா அழைத்தார். பிறகு எங்களிடம் ஓடிவந்து, தானம் யார் பெயரில் என்று கேட்டார். என் வீட்டுக்காரர் தேக்சாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாசலில் நுழைந்துகொண்டிருந்த கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மகன் பெயரையும் அந்தப் பெண்ணின் பெயரையும் சொன்னார். அவள் ஊர்ப் பெயரும் சேர்ந்து ஒலிபெருக்கியில் முழங்கியது.

முதலில் ஸயாதோவுக்கும் பிக்குகளுக்கும் பரிமாறினோம். பிறகு ஊர். முதல் நாலைந்து தட்டுக்கு இவர் கரண்டி பாதிதான் நிரம்பியது. கைக்குழந்தையோடு வந்த ஒரு பெண் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு இவரை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். அதற்கப்புறம் என்ன ஆனதோ, கரண்டி குவிய ஆரம்பித்தது. "போதும்" என்று தட்டை இழுத்தவர்களைக்கூட இவர் விடவில்லை. மகன் காதோரம் வந்து, "அப்பா, அங்க நூறு பேரு காத்திருக்காங்க" என்றான். "தெரியும்டா, அந்தக் குருமாவை நகர்த்து" என்றார்.

பெண் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது தேக்சாவில் கால்வாசி இருந்தால் அதிகம். பெண்ணின் அப்பா சந்து முனையிலேயே கையில் போனோடு நின்றிருந்தார். மடத்தில் யாரோ எடுத்த வீடியோ எங்களுக்கு முன்பே அவருக்கு வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் தன் மகள் பெயர் கேட்டு அவர் கண் கலங்கியிருந்தது.

"எம்பொண்ணு பேர்ல ஒரு ஊருக்கே சோறு போட்டுட்டு வந்திருக்கீங்களே, அண்ணே. உங்களப் பத்தி என்னென்னமோ சொன்னாங்க."

தலையை ஆட்டிவிட்டு உள்ளே போயிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். நான் இவர் முழங்கையைக் கிள்ளிக்கூடப் பார்த்தேன்.

"சொன்னது நெசந்தான்" என்றார் இவர். "விடுதிக்குக் காசு குடுக்க மனசில்லாமத்தான் மடத்துல போய்ப் படுத்தோம். அவங்களா தானம்னு நெனச்சுக்கிட்டாங்க. இப்ப உங்க ஆளுங்களுக்குச் சோறு பத்தாது."

பெண்ணின் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே திரும்பி, "சம்பந்தி வந்துட்டாரு, பக்கத்து வீட்டுலல்லாம் உலை வைக்கச் சொல்லுங்க" என்றார். அந்தச் சந்தில் ஏழு வீட்டு வெள்ளைச் சோற்றோடு எங்கள் நெய்ச்சோற்றை ஆளுக்கு ஒரு கை வைத்துத்தான் நிச்சயதார்த்த விருந்து நடந்தது.

இன்றும் விடுதி என்றால் அவருக்கு முகம் சுருங்கும், அது மாறவில்லை. ஆனால் யாராவது அவரைக் கஞ்சன் என்றால், முன்பு போல நான் கூடச் சேர்ந்து சிரிப்பதில்லை. இருபத்தாறு வருஷம் பக்கத்திலேயே இருந்தும், குவிந்த கரண்டியோடு நின்ற அந்த மனிதரை நான் அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.